மரப்பட்டை ஜாடியில் யார் கை

காலையிலிருந்து இடுப்பு பிடித்துக்கொண்டிருந்தது. குனிந்தால் நிமிர முடியவில்லை, நிமிர்ந்தால் குனிய முடியவில்லை. இருபத்தெட்டு வருடம் இரும்பு அச்சுகளைத் தூக்கித் தூக்கி நான் சேர்த்த சொத்து இது ஒன்றுதான். கிரைண்டர் மோட்டாரின் சூடான மூடிக்கு இடுப்பைக் கொடுத்துக் கண்ணை மூடி நின்றிருந்தபோது லேத்துக்காரன் வந்தான்.

"மேஸ்திரி, லேபிளம்மா கூப்பிடுது. ஜாடியோட உங்களைப் போட்டோ புடிக்கணுமாம். மூஞ்சியைக் கழுவிட்டுப் போங்க. இல்லேன்னா பழைய சாமான்னு நினைச்சு உங்க மேலயும் ஒரு லேபிளை ஒட்டிடும்."

பட்டறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வெள்ளிக்கிழமையோடு எனக்கு வேலை முடிகிறது. ஐந்து நாள்தானே, சிரித்துவிட்டுப் போகட்டும்.

எங்கள் கண்ணாடித் தொழிற்சாலையில் இப்போது பாட்டில்தான் போடுகிறோம். முன்பு பூ ஜாடியும் போட்டோம். இந்த வருடம் முதலாளியின் மகளுக்கு ஓர் ஆசை வந்தது. வாசல் பக்கத்து அறையில் கண்ணாடி அலமாரி வைத்து, பழைய ஜாடிகளைத் தேடிப்பிடித்து அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் கீழே எந்த வருடம், யார் செய்தது என்று அட்டை வைக்க வேண்டும். அதற்காக வெளியிலிருந்து ஓர் அம்மாவை வரவழைத்திருந்தார்கள். பழைய கண்ணாடியைப் பார்த்து இன்னார் செய்தது என்று சொல்வதுதான் அவர் தொழில். வந்த இரண்டாம் நாளே எங்கள் ஆட்கள் அவருக்கு லேபிளம்மா என்று பேர் வைத்துவிட்டார்கள்.

நான் போனபோது மேசையில் கறுப்புத் துணி விரித்து, விளக்கை வளைத்து, வெள்ளைக் கையுறை போட்டு உட்கார்ந்திருந்தார். துணியின் நடுவில் மரப்பட்டை ஜாடி. ஒரு முழ உயரம், புகை நிறம். மேலெல்லாம் சொரசொரவென்று பள்ளமும் மேடுமாக, கிழட்டு மரத்தின் பட்டையை உரித்துச் சுற்றியது போல இருக்கும்.

"உக்காருங்க மேஸ்திரி."

"இருக்கட்டும்மா. உக்காந்தா தூக்கி விட ஒரு ஆள் வேணும்."

"பழைய சாமான் கடையில கிடைச்சுது. அடியில முத்திரை இல்ல. இதே மாதிரி மூணு கம்பெனி போட்டிருக்கு. அதனால உங்களுதுதானான்னு முதல்ல பாத்தேன்." ஜாடியைத் திருப்பினார். அச்சு இரண்டு பாதியாகத் திறக்கும். அந்தப் பாதிகள் சேருகிற இடத்தில் ஜாடியின் இரண்டு பக்கமும் மயிரிழை போல ஒரு கோடு விழும். அந்தக் கோட்டில் வாய்க்குக் கீழே அரிசி அளவு ஒரு புடைப்பைத் தொட்டுக் காட்டினார். "இது என்ன?"

"உளி வழுக்கின இடம்மா. மோல்டுல ஒரு பள்ளம். எங்களுதுதான்."

"அப்பாடா." எழுதிக்கொண்டார். "இனி, யாருங்கறது. உங்க கம்பெனிப் பத்திரிகையில உங்க பேரும் படமும் இருக்கு. ஆனா நான் காகிதத்தை நம்பி எழுதறதில்ல. கையைப் பாத்துத்தான் எழுதுவேன்."

பூதக்கண்ணாடியை என்னிடம் நீட்டினார். ஜாடியின் ஒவ்வொரு கீறலும் தடித்து ஆரம்பித்து மெலிந்து முடிந்தது. எல்லாமே இடது கீழிலிருந்து வலது மேலே சாய்ந்து ஏறின. பிறகு ஒரு காகிதத்தையும் பென்சிலையும் தந்தார்.

"யோசிக்காம நாலு சாய்வுக் கோடு போடுங்க."

போட்டேன். இடது கீழிலிருந்து வலது மேலே. காகிதத்தை ஜாடிக்குப் பக்கத்தில் வைத்து என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"சோத்தாங்கைக்காரர் கோடு. ஜாடியிலயும் அதே கோடு. நீங்கதான், மேஸ்திரி. இனி எவன் கேட்டாலும் நான் பதில் சொல்லிக்குவேன்."

அவர் கெட்டிக்காரர், குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஜாடியின் மேலேயே நேராகச் செதுக்கின பொருட்களைப் பார்த்துப் பழகியவர் போலிருக்கிறது. இது அச்சில் ஊதினது. அச்சுக்குள் இருப்பது ஜாடியில் இடம் வலமாகத் திரும்பித்தான் வரும். எங்கள் பட்டறையில் ஒரு வாரம் குப்பை கூட்டினவனுக்கும் அது தெரியும். ஜாடியில் வலப்பக்கம் சாய்ந்திருந்தால் அச்சில் அது இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது. ஜாடியில் கீறலாக விழுந்தது அச்சுக்குள் வைத்த வெல்டிங் தடம்; அதை வைத்த ஆள் இடது கைக்காரர். அந்தக் காலத்தில் எங்கள் பட்டறையில் இடது கையால் வெல்டிங் பிடித்தவர் ஒரே ஒருத்தர். ஊருக்கெல்லாம் நொட்டாங்கை. எனக்கு மாமா, என் அக்கா புருஷன்.

"என்ன மேஸ்திரி, பேச்சையே காணோம்?"

"ஒண்ணுமில்லம்மா. ஆமா, நான்தான்."

ஜாடியைக் கையில் கொடுத்துப் படம் பிடித்தார். சிரிக்கச் சொன்னார். சிரித்தேன்.

"அந்த மோல்டு இருக்கா? பக்கத்துல வச்சா நல்லா இருக்கும்."

"பழைய இரும்புக்குப் போயிருக்கும்மா."

போகவில்லை. பட்டறை அலமாரியின் அடித்தட்டில் எண்ணெய்ச் சாக்கில் சுற்றி நானேதான் வைத்திருக்கிறேன். ஏன் வைத்திருக்கிறேன் என்று இருபத்தேழு வருடமாக என்னையே கேட்டுக்கொண்டதில்லை.

நடந்தது இதுதான். நான் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம். மாமாதான் சேர்த்துவிட்டார். இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. சாதா ஜாடி போடுகிற அச்சு ஒன்று உள்பக்கம் குழி குழியாகத் தேய்ந்து போயிற்று. அப்படியானால் உள்ளே முழுக்க வெல்டிங் வைத்து நிரப்ப வேண்டும், பிறகு கிரைண்டர் பிடித்துத் தீட்டி வழவழப்பாக்க வேண்டும். வெல்டிங் மாமா வேலை. தீட்டுவது என் வேலை. மாமா காலையிலேயே முடித்து என் பெஞ்சில் வைத்துவிட்டுப் போனார். நான் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, ஸ்டோருக்குப் பின்னால் சாக்குக் குவியலில் ஐந்து நிமிடம் படுக்கலாம் என்று படுத்தேன். எழுந்தபோது உலைப் பக்கத்திலிருந்து அச்சு கேட்டு ஆள் வந்து நிற்கிறான். தீட்ட நேரமில்லை. தூங்கினேன் என்று சொல்ல வாயில்லை. கண்ணாடி ஒட்டாமலிருக்க அச்சில் தடவுகிற கறுப்பு மசியை உள்ளே அப்பிக் கொடுத்து அனுப்பிவிட்டேன். மசிக் கறுப்பில் உள்ளே என்ன இருக்கிறது என்று ஊதுகிறவருக்குத் தெரியவில்லை. பன்னிரண்டு ஜாடி ஊதி, அதெல்லாம் சூடு ஆறுகிற நீள அடுப்பைத் தாண்டி வெளியே வந்த பிறகுதான் பார்த்தார்கள், சொறி பிடித்த மாதிரி இருக்கிறதே என்று.

சூப்பர்வைசர் ஒரு ஜாடியைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்குள் வந்தார்.

"எவன்டா இந்த மோல்டை அனுப்புனது?"

எல்லாரும் இருந்தார்கள். மாமா முகமூடியை நெற்றிக்குத் தள்ளிக்கொண்டு நின்றார். நான் சொன்னேன்: "நொட்டாங்கைதான் தீட்டியாச்சு, ரெடின்னு குடுத்தாரு."

மாமா என்று கூடச் சொல்லவில்லை. நொட்டாங்கை என்றேன்.

"பீச்சாங்கையால செஞ்சா பீ மாதிரிதான இருக்கும்," என்றார் சூப்பர்வைசர். எல்லாரும் சிரித்தார்கள். மாமா என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு முகமூடியைக் கழற்றி ஆணியில் மாட்டினார். ஏழு நாள் சஸ்பெண்டு. நான்தான் என்று தெரிந்திருந்தால் என்னை வேலையைவிட்டே அனுப்பியிருப்பார்கள், அவரை அனுப்ப மாட்டார்கள். அதை யோசித்துத்தான் அவர் வாயை மூடிக்கொண்டார் என்று அப்போதே எனக்குத் தெரியும்.

மூன்றாம் நாள் முதலாளி யாரோ ஒரு வியாபாரியோடு வந்தார். கழித்துப்போட்ட ஜாடிகள் வெளியே வெயிலில் கிடந்தன. வியாபாரி ஒன்றைத் தூக்கிப் பார்த்தார். இன்னொன்றைத் தூக்கினார். இருவரும் நேராகப் பட்டறைக்கு வந்தார்கள்.

"இது யாரோட வேலை?" முதலாளி கேட்டார். குரல் நல்லவிதமாக இருந்தது.

"நான்தான் சார்," என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை. யோசித்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். முதலாளி என் தோளைத் தட்டிய பிறகு மறுத்துப் பேசப் பட்டறையில் ஆளில்லை. அடுத்த மாதம் நிரந்தரம் ஆனேன். பத்திரிகையில் படம் வந்தது. மரப்பட்டை ஜாடி என்று பேர் வைத்து ஆயிரக்கணக்கில் விற்றார்கள். எட்டாம் நாள் மாமா வேலைக்கு வந்தார். உலையில் வரிசையாக மரப்பட்டை ஜாடி வந்துகொண்டிருந்தது. ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்து, "நல்லா வந்திருக்கு," என்றார். அடுத்த வாரமே மாற்றல் கேட்டு, உடைந்த கண்ணாடி கொட்டுகிற முற்றத்துக்குப் போய்விட்டார். ஓய்வு பெறும் வரை மண்வாரியோடு அங்கேதான் இருந்தார். அந்த ஓர் அச்சு போதாமல் போனபோது அதே மாதிரி வேறு அச்சுகளுக்கு நான் வெல்டிங் வைத்தேன். ஒன்றுகூட அப்படி வரவில்லை. எல்லாம் மண்புழு ஊர்ந்த மாதிரி வந்தது.

சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். மாமா தரையில் உட்கார்ந்து மேசை விசிறியைப் பிரித்துப் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். திருப்புளி இடது கையில்.

"வாடா பெரிய மனுஷா. அக்கா வீடுன்னு ஒண்ணு இருக்கறது இன்னைக்குத்தான் ஞாபகம் வந்துச்சா? என்னடா இது, வில்லு மாதிரி வளைஞ்சு நிக்கற?"

"இடுப்புக்கா."

"உக்காரு. உன் ஜாடியை ஷோகேஸ்ல வைக்கப் போறாங்களாமே. லேத்துக்காரன் பொண்டாட்டி சொன்னா. எனக்கு அப்படியே மனசு குளுந்துபோச்சு." மாமா பக்கம் தாடையை நீட்டினாள். "அதே பட்டறை, அதே மோல்டு. என் தம்பி பேரு வாங்குனான். இந்த மனுஷன் சஸ்பெண்டு வாங்குனாரு. அந்த ஏழு நாளும் நான் கண்ணாடி பொறுக்கப் போயி அறுத்துக்கிட்டேன், இந்த விரலைப் பாரு, இன்னும் மடங்க மாட்டேங்குது. இருபத்தேழு வருஷமா கேக்கறேன், ஏன்யா தீட்டாம அனுப்புனேன்னு. வாயைத் தொறந்து ஒரு பதில் வரல."

ஊர்க்காரன், பட்டறைக்காரன் எல்லாருக்கும் பொய்தான் தெரியும் என்பது எனக்குத் தெரியும். அக்காவுக்காவது மாமா உண்மையைச் சொல்லியிருப்பார் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். எல்லாம் தெரிந்தும் என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருக்கிறாள், தாயைப் போன்றவள் என்று நினைத்திருந்தேன். அவளுக்குத் தெரியவே தெரியாது. அவர் தன் வீட்டுக்குள் உட்கார்ந்து, தன் பெண்டாட்டி வாயால், நான் செய்ததற்குத் திட்டு வாங்கிக்கொண்டிருந்திருக்கிறார்.

மாமா விசிறியின் இறக்கையை ஊதினார். "மாப்ளைக்குத் தண்ணி குடு," என்றார்.

"மாமா, கொஞ்சம் வெளிய வரீங்களா?"

சந்தில் போய் நின்றோம். யாரோ ஒருத்தி சைக்கிளை உருட்டிக்கொண்டு போனாள். அவள் போகட்டும் என்று காத்திருந்தேன்.

"மாமா, அந்த ஜாடி..."

"இடுப்புக்கு எண்ணெய் தேச்சியா?" என்றார். "சூடு பண்ணித் தேய். குப்புறப் படு. மல்லாந்து படுக்காத."

"தேய்க்கறேன் மாமா."

"போய்ட்டு வா."

மறுநாள் காலை சாக்கைப் பிரித்து அச்சைத் தள்ளுவண்டியில் ஏற்றி லேபிளம்மா அறைக்குக் கொண்டுபோனேன். மேசையில் வைத்துத் திறந்தேன். வெல்டிங் கோடுகள் துருப்பிடிக்காமல் அப்படியே இருந்தன. வலது கீழிலிருந்து இடது மேலே.

"இரும்புக்குப் போச்சுன்னீங்க?"

"கிடைச்சிருச்சு. கோடு எந்தப் பக்கம் சாயுதுன்னு பாருங்கம்மா."

பார்த்தார். ஜாடியைப் பார்த்தார். மறுபடி அச்சைப் பார்த்தார். கையுறையைக் கழற்றி நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"திரும்பித்தானே வரும். இது கூட உறைக்கல எனக்கு. அப்ப இது நொட்டாங்கை வேலை."

"ஆமாம்மா. எங்க மாமா. அவரு பேரே அதுதான். அவரு வச்ச வெல்டு. என்னுது இல்ல."

"நேத்து நீங்கதான்னு சொன்னீங்களே மேஸ்திரி."

"தப்பாச் சொல்லிட்டேன்."

"சரி. அப்ப பத்திரிகையில உங்க பேரு எப்படி வந்துச்சு?"

அவர் அதட்டிக் கேட்கவில்லை. பென்சிலைப் பிடித்துக்கொண்டு சாதாரணமாகத்தான் கேட்டார். அறையில் வேறு யாரும் இல்லை, கதவும் சாத்தியிருந்தது. சொல்ல இதைவிட வசதியான இடம் எனக்கு இனிக் கிடைக்காது.

"அந்தச் சமயம் அவரு லீவுல இருந்தாரும்மா," என்றேன்.

"ஓ," என்று எழுதிக்கொண்டார்.

அட்டை மாறியது. மரப்பட்டை ஜாடி, அச்சு வேலை என்று போட்டு மாமாவின் முழுப்பெயர். அந்தப் பெயரைச் சம்பளச் சீட்டுக்கு வெளியே நான் பார்த்ததே இல்லை. நெஞ்சிலிருந்து ஒரு கல்லை இறக்கிய மாதிரி இருந்தது. ஒரு மணி நேரம்தான் இருந்தது.

மத்தியானம் லேத்துக்காரன் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான்.

"மேஸ்திரி, கேள்விப்பட்டேன். ரிட்டயர் ஆகுற நேரத்துல உங்க பேரை எடுத்து மாமாவுக்குக் குடுத்துட்டீங்களாமே. நானா இருந்தா ஒரு போல்ட்டைக்கூடக் குடுக்க மாட்டேன். பெரிய மனசு உங்களுக்கு."

"அப்படியில்லடா. அவரு செஞ்சதுதான்."

"பாத்தீங்களா, இப்பவும் விட்டுக்குடுக்கறாரு," என்று மற்றவர்களிடம் சொன்னான். எல்லாரும் தலையாட்டினார்கள். மேனேஜர் கூட எட்டிப் பார்த்து, "உங்களைப் போல ஆளு கிடைக்காது," என்றார். வாயைத் திறந்தேன். பெல் அடித்தது. மூடிக்கொண்டேன். பெல் அடிக்காவிட்டாலும் மூடியிருப்பேன்.

சாயங்காலம் அக்கா போன் செய்தாள். அழுதுகொண்டிருந்தாள்.

"என் வயித்துல பாலை வாத்துட்டடா. அவரு மானத்தைக் காப்பாத்திட்ட. ஆனா இந்த மனுஷனைப் பாரு, என் தம்பி தன் பேரையே தூக்கிக் குடுத்திருக்கானே, ஒரு வார்த்தை நல்லதாச் சொல்லுய்யான்னா, விசிறியைத் தொடச்சுக்கிட்டே உக்காந்திருக்காரு. வெக்கங்கெட்ட மனுஷன். நீ மனசுல வச்சுக்காத."

"திட்டாதக்கா அவரை."

"திட்டாம? நன்றி கெட்டவரைக் கொஞ்சவா சொல்ற?"

போனுக்குப் பின்னால் திருப்புளி கீழே விழுகிற சத்தம் கேட்டது.

வெள்ளிக்கிழமை பட்டறையில் எனக்கு வழியனுப்பு. டீயும் பிஸ்கட்டும் வைத்தார்கள். மாமாவையும் அக்காவையும் அழைத்திருந்தார்கள். மாமா சலவைச் சட்டையில் வந்தார். வாசல் அறையில் அலமாரிக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். அட்டையைப் படித்தாரா, ஜாடியைப் பார்த்தாரா தெரியவில்லை. கண்ணாடியில் விரலை வைத்து, கோடு சாய்ந்த பக்கமாக ஒரு தடவை இழுத்தார். பிறகு கறை பட்டிருக்குமோ என்று சட்டைக் கையால் துடைத்தார்.

என்னை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். எழுந்தேன். லேத்துக்காரன் கைதட்டினான். முன் வரிசையில் அக்கா, பக்கத்தில் மாமா. பழைய ஆட்களில் இன்னும் நாலைந்து பேர் இருந்தார்கள், அன்றைக்குச் சிரித்தவர்கள்.

"எல்லாருக்கும் நன்றி," என்றேன். "இடுப்பு வலி. ரொம்ப நேரம் நிக்க முடியல." சிரித்தார்கள். உட்கார்ந்துவிட்டேன். மாமாவும் கைதட்டினார். எல்லாரையும்விடக் கொஞ்சம் பிந்தி.

அவர் பேரை அவரிடம் திருப்பி வைத்துவிட்டேன், அதையும் நான் கொடுத்த தானம் மாதிரி வைத்தேன். அச்சைத் தீட்டாமல் அனுப்பியது நான்தான், பழியை அவர் தலையில் கட்டியதும் நான்தான் என்று அக்காவிடமும் பட்டறை ஆட்களிடமும் சொல்ல வேண்டியது, இதை எழுதுகிற இன்று வரை, பாக்கி.